வியாழக்கிழமைகளில் நின்றுபோகும் கடிகாரம்

வைட்ஹேவன் துறைமுகம்
1787 ஏப்ரல் 14

கார்த்பெக் ஊரின் கடிகார மகாராணி, என் மருமகள் டைனா பௌனஸ் அவர்களின் சமூகத்துக்கு,

இதில் நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பப் போவதில்லை என்று வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்து உறுதி கூறுகிறேன். புத்தகம் பக்கத்து வீட்டில் இருக்கிறது. கையை அந்தத் திசையில் நீட்டியிருக்கிறேன், அது போதும்.

இங்கே கேப்டன் ஸ்கெல்டன் என்று ஒருவர். அவர் வீட்டுக்கு ஆளுயரக் கடிகாரம் ஒன்றுக்குப் பெட்டி செய்து கொடுத்தேன். முகப்பின் மேல் வளைவில் நிலா வளர்ந்து தேய்ந்து சுற்றிவருமே, அந்த வகை. நிலாவைப் பார்த்துக் கடல் எப்போது ஏறும் என்று தெரிந்துகொள்வார்கள். பெட்டியோடு நிறுத்தியிருக்கலாம். நிலாத் தட்டையும் நானே மாட்டுகிறேன் என்று மாட்டி, அரைச்சுற்று முன்னால் தள்ளி வைத்துவிட்டேன். அந்த நிலா அவ்வளவு அழகு. கடல் அண்ணாந்து பார்த்தது, வானத்து நிலாவை ஒதுக்கிவிட்டு என் நிலாவின் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. கப்பல்களெல்லாம் சேற்றில் உட்கார்ந்தன. மீன்கள் தாங்களாகவே சந்தைக்கு நடந்து வந்து விலை விசாரித்தன. கேப்டனின் மனைவி முக்காட்டோடு என் பட்டறைக்கு ஓடிவந்து, "லாண்டி, அந்த நிலாவைத் திருப்பி வைங்க. அடுப்படில நண்டு வந்து நின்னுக்கிட்டு போகமாட்டேங்குது" என்றாள். திருப்பி வைத்தேன். கடல் வருத்தத்தோடு திரும்பிப் போனது.

இப்படிப்பட்ட பெருமைக்குரியவன், போன அறுவடைக் காலத்திலிருந்து உனக்கு ஒரு வரி எழுதவில்லை. இப்போது எழுதக் காரணம், பொதிக்குதிரைக்காரன் கிட் டைசன். நேற்று வந்தவன் குதிரையை அவிழ்க்கும் முன்பே வாயை அவிழ்த்தான்.

"உங்க மருமக செஞ்ச கடிகாரம் வியாழன் தவறாம நின்னுபோகுதாம். ரோலண்ட் செத்தது வியாழக்கிழமைதானே? அவரே வந்து கையால பிடிச்சு நிறுத்துறாருன்னு ஊரே பேசுது."

உன் அப்பன் ரோலண்ட் உள்ளே ஓடும் இயந்திரம் செய்வான். அவன் மச்சான் நான் வெளியே நிற்கும் பெட்டி செய்வேன். கார்த்பெக்கைச் சுற்றி எந்த வீட்டில் மணி அடித்தாலும் அது எங்கள் இருவரின் மணி. இப்போது கேள்விப்படுவது என்னவென்றால், முகப்பில் உன் பெயரே எழுதியிருக்கிறதாம். அதற்காக என் தொப்பியைக் கழற்றுகிறேன். ஆனால் பெட்டி பீட்டர் மௌன்சி செய்ததாம். சவப்பெட்டி செய்கிற மௌன்சி! தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டேன்.

உன் மாமன்,
மரத்தச்சுச் சக்கரவர்த்தி லாண்டி ஜாப்சன்


கார்த்பெக்
ஏப்ரல் 23

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கடையில் நின்று படித்தபோது ஓரிடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. நண்டு இடம். அதற்குப் பிறகு கோபம் வந்தது. அந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

கிட் சொன்னது உண்மை. கடிகாரம் 'கறுப்புக் கடா' விடுதிக்காகச் செய்தது. விடுதிக்காரர் அம்புரோஸ் தெக்ஸ்டன்தான் நம் கடை இருக்கும் கட்டடத்துக்கும் சொந்தக்காரர் என்று உங்களுக்குத் தெரியும். அப்பா போன பிறகு நான் தனியாகச் செய்த முதல் கடிகாரம், என் பெயர் எழுதிய முதல் முகப்பு. மற்ற நாளெல்லாம் குறை சொல்ல முடியாதபடி ஓடுகிறது. வியாழனன்று, சந்தை நாளன்று, விடுதி நிறைய ஆள் இருக்கும்போது நிற்கிறது. சக்கரத்தில் ஏதாவது தூசியாக இருக்கும்.

மௌன்சியிடம் ஏன் போனேன் என்று கேட்கிறீர்கள். வேறு யாரிடம் போவது? பெட்டி செய்யும் என் மாமன் எங்கே இருந்தார்? அப்பாவைப் புதைத்த ஈரம் காயும் முன்பே உளிகளை மூட்டை கட்டிக்கொண்டு கடலோரம் போய்விட்டார்.

அன்றைக்கு நடந்ததை ஊருக்கு நீங்கள் எப்படிச் சொல்லியிருப்பீர்களோ தெரியாது. அதனால் நான் நினைவில் வைத்திருக்கும்படி எழுதுகிறேன். அப்பா கண்ணை மூடியதும் நீங்கள் கடைக்குள் போய் ஒவ்வொரு கடிகாரமாக நிறுத்தினீர்கள். சாவு வீட்டில் கடிகாரம் ஓடக்கூடாது என்பது வழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது வெறும் வீடா? அப்பா அந்தச் சத்தத்துக்குள்ளேயே வாழ்ந்தவர். அது நின்றால் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்துகொள்வார். அவர் மேல்மாடியில் கிடக்கும்போது கடை மௌனமாக இருந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. போய் எல்லாவற்றையும் திரும்ப ஓட விட்டேன். நீங்கள் படியில் நின்று, "உங்கப்பனுக்காக ஒரு நிமிஷம் நிக்க மாட்டியா, கல்லு நெஞ்சுக்காரி" என்றீர்கள். அதுதான் நீங்கள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடல் காற்று உங்கள் மூட்டுக்கு ஆகாது.

டைனா


வைட்ஹேவன்
மே 2

தூசியைத் தூக்கித் தன் மாமன் கண்ணிலேயே போடுகிற மருமகளுக்கு,

கல் நெஞ்சு என்று நான் சொல்லவில்லை. 'நல்ல நெஞ்சு' என்று சொல்லியிருப்பேன், அழுகையில் தொண்டை கட்டியிருந்தது. சரி. அதை நீ நம்ப மாட்டாய், நானே நம்பவில்லை.

உன் கடிகாரத்துக்கு வைத்தியம் எழுதி அனுப்புகிறேன். முதலாவது, வாரத்திலிருந்து வியாழக்கிழமையை எடுத்துவிடு. ஐரிஷ் கரையில் ஒரு பாதிரியார் திங்கட்கிழமையை அப்படி எடுத்தார். அவர் ஊரில் ஒருவரும் வேலைக்குப் போவதில்லை, எல்லோரும் கொழுகொழு என்று இருக்கிறார்கள். இரண்டாவது, தெக்ஸ்டனைக் கடிகாரத்துக்குள் நிறுத்திவிட்டு, கடிகாரத்தைக் கல்லாவில் உட்கார வை. எவரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள். இருவருக்கும் ஒரே முகம், கடிகாரமாவது அவ்வப்போது மணி அடிக்கும்.

மூன்றாவதை எழுதும் முன்பு பேனாவைத் துடைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது விளையாட்டில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சாவி கொடுப்பார்கள். கடிகாரத்தை ஓட்டுகிற ஈயக்குண்டு மேலே ஏறி நிற்கும். பிறகு நாளுக்கு நாள் இறங்கும். வியாழன் வரும்போது பெண்டுலத்தின் அடித்தட்டுக்கு நேராக வந்து தொங்கும். பெட்டி அசையாமல் நின்றால் பாதகமில்லை. பெட்டிக்குக் கொஞ்சம் ஆட்டம் இருந்தால், பெண்டுலத்தின் ஆட்டத்தைப் பார்த்துப் பக்கத்தில் தொங்கும் குண்டுக்கும் ஆடத் தோன்றும். அது ஆட ஆட, இதன் ஆட்டம் குறையும். கடைசியில் குண்டு ஆடிக்கொண்டிருக்கும், பெண்டுலம் நின்றிருக்கும். மருந்து, பெட்டியின் முதுகைத் திருகாணி போட்டுச் சுவரோடு இறுக்குவது. மௌன்சிக்கு அது தோன்றியிருக்காது. அவன் செய்கிற பெட்டியை யாரும் இதுவரை சுவரில் மாட்டச் சொன்னதில்லை.

ஆனால் டைனா, இதை உனக்கு நான் சொல்லித் தரவேண்டியதா? உன் அப்பன் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பெட்டியைத் தள்ளிப் பார்ப்பானே, கூடவே போனவள் நீ. தூசி என்று எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். பொய் சொல்வது என் தொழில். என் தொழிலுக்குள் வேறு ஆள் நுழைந்தால் எனக்கு வாசனை தெரிந்துவிடும்.

ஏன் இன்னும் அந்தத் திருகாணியைப் போடவில்லை?

லாண்டி


கார்த்பெக்
மே 10

மாமாவுக்கு,

தெரியும். இரண்டாவது வியாழனே தெரிந்துவிட்டது. கதவைத் திறந்து பார்த்தேன், குண்டு ஆடிக்கொண்டிருந்தது.

திருகாணியைப் பையில் போட்டுக்கொண்டு விடுதிக்குப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். இப்போதும் பையில்தான் இருக்கிறது.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அது சட்டென்று நிற்பதில்லை மாமா. மதியத்துக்கு மேல் சந்தைச் சத்தம் தேய ஆரம்பிக்கும். ஜன்னலில் மஞ்சள் வெயில் வரும். அப்போது டிக் டிக் கொஞ்சம் தள்ளித் தள்ளி விழும். இடையில் இடைவெளி பெரிதாகும். அப்பா சாப்பிட்ட பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார், நடுவாக்கியத்தில் தூங்கிப்போவார், நினைவிருக்கிறதா? அதே மாதிரி. அடுத்த வார்த்தை வரும் என்று காத்துக்கொண்டு நாம் உட்கார்ந்திருப்போமே, அந்த மாதிரி உட்கார்ந்திருப்பேன். அறையில் வேறு ஒருவரும் இருக்க மாட்டார்கள். பயந்துபோய் எல்லோரும் கோப்பையோடு வாசலுக்குப் போய்விடுவார்கள். அந்தக் கொஞ்ச நேரம் அப்பா எங்கும் போகவில்லை. தூங்குகிறார், அவ்வளவுதான்.

ஈயக்குண்டுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போகிறேன்.

இப்போது தெக்ஸ்டன் கெடு வைத்துவிட்டார். நேற்று கடைக்கு வந்து பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"இங்க பாரும்மா டைனா, உங்கப்பா மேல எனக்கு மரியாதை உண்டு. அதுக்காக வியாழக்கெழமை சந்தை நாளும் அதுவுமா அவர என் விடுதில உக்கார வெச்சிருந்தா எப்படி? குடிக்கிறவன் எல்லாம் தெருவுல நிக்கிறான். இந்த மாசக் கடைசில வர்ற பெந்தெகொஸ்தே பண்டிகை வார வியாழன் வரைக்கும் பாப்பேன். அன்னைக்கும் நின்னுச்சுன்னா, கடிகாரக்காரன் நெட் கிரேவ்சன் வரேன்னு சொல்லியிருக்கான். கடை அவனுக்கு. முகப்புல ஓம் பேரச் சொரண்டிட்டு அவன் பேர எழுதிக்குவான். பொம்பளப் பேரு போட்டதாலதான் ஓடலன்னு ஏற்கெனவே பாதிப் பேர் சொல்றாங்க, நான் சொல்லல."

பெந்தெகொஸ்தே வாரத்தோடு கடையின் குத்தகையும் முடிகிறது. அதனால் அவர் சொன்னால் சொன்னதுதான்.

திருகாணி போடுவது பெட்டிக்காரர் வேலை. அதுதான் நம் வீட்டு வழக்கம். நீங்கள் இறுக்கி முடித்துச் சுவரை ஒரு தட்டு தட்டுவீர்கள். பிறகுதான் அப்பா பெண்டுலத்தைத் தள்ளுவார். அவர் திருகாணியைத் தொட்டதில்லை, நீங்கள் பெண்டுலத்தைத் தொட்டதில்லை. மௌன்சியைக் கூப்பிட்டால் போட்டுவிடுவான். ஆனால் அவன் கையால் வேண்டாம். என் கையும் போகமாட்டேன் என்கிறது.

நீங்கள் வந்து போடுவீர்களா?

டைனா


வைட்ஹேவன்
மே 17

மருமகளுக்கு,

வரமாட்டேன்.

காரணங்களை வரிசையாகச் சொல்ல எனக்குத் தாள் போதாது, இருந்தாலும் முயல்கிறேன். அமெரிக்காவுக்குப் போகிற கப்பல் ஒன்று நான் செய்த அலமாரியின் கனத்தால் ஒருபக்கமாகச் சாய்ந்து வட்டமடித்துக்கொண்டிருக்கிறது. நான் கரையில் நின்று கைகாட்டினால்தான் நேராகப் போகும். என் மூட்டு இரண்டும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கின்றன. வழியில் உள்ள மலைகள் நான் போன தடவை கடந்தபோது கொஞ்சம் உயரம் குறைவாக இருந்தன. இந்தக் குளிரில் வளர்ந்துவிட்டன என்று கிட் சொல்கிறான். தவிரவும் மௌன்சியின் பெட்டியில் என் திருகாணி நுழைந்தால், அந்தத் திருகாணிக்கு ஊரில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள்.

இன்னொன்று. உன் அப்பன் உன்னிடம் மட்டும்தான் வருகிறான். இங்கே வியாழன் வருகிறது, போகிறது, ஒருவரும் வருவதில்லை. முப்பது வருஷம் என்னோடு ஒரே பெஞ்சில் சாப்பிட்டவன். கிட் அந்தச் செய்தி சொன்ன அன்றைக்கு, ஏன் எனக்கில்லை என்று ஒரு பொறாமை வந்தது. உனக்குக் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தை என் கையால் திருகி மூடச் சொல்கிறாய். அதனால் வரமாட்டேன்.

விடுதிச் சுவர் கல்லா, காரைப்பூச்சா?

லாண்டி


கார்த்பெக்
மே 22

மாமாவுக்கு,

காரைப்பூச்சு. பின்னால் கல். ஓட்ஸ் ரொட்டி சுட்டு வைக்கிறேன்.

டைனா


கார்த்பெக்
ஜூன் 9

மாமாவுக்கு,

சொல்லாமல் போவதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. உங்களுக்காக விடுதிக்கு எடுத்துவந்த ரொட்டி அப்படியே இருந்தது. நெட் கிரேவ்சன்தான் தின்றார்.

நீங்கள் பாதியில் போய்விட்டதால் மீதியை எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் முதல் பாதியையும் என் பக்கத்திலிருந்து எழுதிவிடுகிறேன். நீங்கள் ஊர் ஊராகச் சொல்லும் போது அதில் யானை வந்துவிடும்.

புதன்கிழமை நீங்கள் மௌன்சியின் பெட்டியைத் திட்டிக்கொண்டே இறுக்கினீர்கள். சுவரைத் தட்டினீர்கள். நான் பெண்டுலத்தைத் தள்ளினேன்.

மறுநாள், கெடு வைத்த வியாழன், ஊரே வந்தது. இந்த முறை ஒருவரும் வாசலுக்குப் போகவில்லை. கிரேவ்சன் ஒரு மூலையில் தன் பெயரை மனதுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மஞ்சள் வெயில் வந்தது. சத்தம் தள்ளிப்போகும் நேரம் வந்தது. தள்ளிப்போகவில்லை. சீராக, யாரையும் தெரியாத மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. தெக்ஸ்டன் முகம் மலர்ந்தது. ஜனங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். எனக்கு, நான் பிழைத்துவிட்டேன் என்று தோன்றியது. அதற்குப் பின்னாலேயே, அப்பா இனிமேல் வரமாட்டார் என்று தோன்றியது.

என்ன செய்தேன் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. கதவைத் திறந்து பெண்டுலத்தை விரலால் பிடித்துவிட்டேன்.

தெக்ஸ்டன், "என்னம்மா பண்ற, இப்பத்தான் ஒழுங்கா ஓடிச்சு" என்றார்.

"எங்கப்பாவுக்காக நிறுத்துறேன்" என்றேன். "அன்னைக்கு நான் நிறுத்த விடல."

முதலில் யார் தொப்பியைக் கழற்றினார் என்று தெரியவில்லை. பிறகு எல்லோரும் கழற்றினார்கள். அந்த அறையில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. நீங்கள் ஜன்னலோரம் இருந்தீர்கள், என்னைப் பார்க்கவில்லை.

அப்புறம் திரும்ப ஓட விட எனக்குக் கை வரவில்லை மாமா. அன்றைக்குக் கடை முழுவதையும் ஒரே மூச்சில் ஓட விட்டவள், இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சொல்வதற்கு அங்கே ஓடும் கடிகாரம் ஏதும் இல்லை. நீங்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "விடும்மா. அவன் சத்தமில்லாம தூங்க மாட்டான்" என்றீர்கள். என் விரலை எடுத்துவிட்டு நீங்களே தள்ளினீர்கள். வாழ்க்கையில் முதல் தடவை தள்ளுகிறவர் தள்ளுகிற மாதிரித் தள்ளினீர்கள். பெண்டுலம் பெட்டியில் டமார் என்று மோதியது. அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்துப் பார்த்தால் நீங்கள் இல்லை.

இனி நீங்கள் பார்க்காதது. கிரேவ்சன் எழுந்து, "எப்படியோ வியாழக்கெழமை நின்னுச்சுல்ல?" என்றார். தெக்ஸ்டன் கொஞ்ச நேரம் முகப்பைப் பார்த்தார். "தானா நிக்கல நெட். மரியாதைக்கு நின்னுச்சு. ரொட்டி இருக்கு, சாப்புட்டுக் கெளம்பு" என்றார். அவ்வளவுதான். பெயர் இருக்கிறது. கடை இருக்கிறது.

நேற்று முன்தினம் அடுத்த வியாழன். சும்மா போய் உட்கார்ந்தேன். கடிகாரம் ஓடியது. பக்கத்தில் இருவர் செம்மறி ஆட்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கடைக்கு வந்து சக்கரத்துக்குப் பல் அராவினேன்.

அந்தச் சக்கரத்துக்கு ஒரு பெட்டி வேண்டும். மௌன்சியிடம் சொல்வதாக இல்லை.

டைனா


வைட்ஹேவன்
ஜூன் 18

பெண்டுல மோதல் வழக்கில் சாட்சி சொன்ன மருமகளுக்கு,

அது மோதவில்லை. பெட்டிதான் முன்னால் வந்து இடித்தது. மௌன்சி செய்த பெட்டிக்கு அவ்வளவு ஒழுக்கம்தான்.

சொல்லாமல் போனதற்கு நியாயமான காரணம் உண்டு. நான் விடுதி வாசலைத் தாண்டியதும் உன் அப்பன் தெருவில் நின்றான். வேலை செய்யும்போது கட்டும் அந்தத் தோல் ஏப்ரன், மூக்கில் எண்ணெய்க் கறை. "என்ன லாண்டி, பெண்டுலத்தத் தள்ளுறதுன்னா மாட்டத் தள்றதுன்னு நெனச்சியா?" என்றான். இவனை ஊருக்குள் கூட்டிக்கொண்டு வந்தால் தெக்ஸ்டன் மறுபடி கெடு வைப்பான் என்று, வா என்று அழைத்துக்கொண்டு மலைப்பாதையில் ஏறிவிட்டேன்.

வழி நெடுகச் சண்டை. வால்நட் மரத்தில் பெட்டி செய்திருக்கலாமே என்கிறான். உன் இயந்திரத்துக்கு ஓக் மரமே அதிகம் என்கிறேன். மலையுச்சியில் செம்மறி ஆடுகள் எங்களைப் பார்த்து வரிசையாக எழுந்து நின்று, தொப்பி இல்லாததால் கொம்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டன. வானத்தில் வண்ணம் பூசிய நிலா ஒன்று, கன்னம் சிவந்து, தட்டோடு சேர்ந்து கடகடவென்று எங்கள் பின்னாலேயே சுற்றி வந்தது. நாங்கள் நின்றால் அதுவும் நின்றது. கீழே ஏரியெல்லாம் அதைப் பார்த்துக் கரையேறிவிட்டு, என்னைக் கண்டதும் கடல் பட்ட பாட்டை நினைத்து வெட்கப்பட்டு இறங்கிக்கொண்டது. ஓடைக்கரை வந்தபோது, நீ செய்யும் அடுத்த கடிகாரத்துக்கு நான்தான் பெட்டி என்று அவனிடம் சொன்னேன். உன் கடிதம் அப்போது வரவே இல்லை, என்றாலும் சொன்னேன். ஓடையில் கால் வைத்துத் தாண்டினான். கால் நனையவில்லை. அந்தக் கரையில் நின்று கையை அசைத்துவிட்டு, பனிக்குள் போனான்.

நீ நம்பவில்லை. நல்லது. உன்னை அப்படி வளர்த்ததில் எனக்கும் பங்குண்டு. ஆடுகளுக்குக் கொம்பு கழலாது. நிலா வானத்தில் கிடக்கும் சாதாரண நிலாதான், அதுவும் பாதி. ஏரி இருந்த இடத்தில் இருந்தது. உன் அப்பன் வாசலில் நிற்கவில்லை, எங்கும் நிற்கவில்லை.

உளிகளைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஓக் பலகை இரண்டு பார்த்து வை, காய்ந்ததாக இருக்கட்டும். வந்ததும் ரொட்டி வேண்டும், கிரேவ்சன் கை படாததாக.

ஆனால் ஒன்று. அந்த மலைப்பாதை முழுக்க நான் வாய்விட்டுப் பேசிக்கொண்டேதான் போனேன். ஓடைக்கரையில் அவனிடம் பெட்டியைப் பற்றிக் கேட்டுவிட்டு, பதில் வருகிற வரைக்கும் நின்றேன். அது மட்டும் நிஜம்.

லாண்டி